வீடு, குடி, லயம்: புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் முதல் வீட்டுச் சொற்கள்



இத்தகைய பொழிவுகளில் இலக்கண நூலொன்றையோ இலக்கியக் கொள்கையொன்றையோ எடுத்துப் பேசுவது வழக்கம். இன்று யாம் ஒரு வீட்டைப் பற்றிப் பேச வந்துள்ளோம். செங்கல்லும் மரப்பலகையுமாக நின்ற அவ்வீடு இன்று இல்லை. அவ்வீட்டில் வழங்கிய சொற்கள் மட்டும் எம்மிடம் எஞ்சியுள்ளன. அவையும் எம் தலைமுறையோடு நின்றுவிடுமோ என்னும் கவலையே இப்பொழிவுக்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியப் பயிற்சி மாணவர் சிலரோடு மலேசியத் தமிழ்ச் சிறுகதையொன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். ‘லயத்து வாசலில் கிழவி உட்கார்ந்திருந்தாள்’ என்னும் பொருள்பட ஒரு தொடர் அதில் வந்தது. நன்கு படிக்கும் மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, லயம் என்பது இசையில் வருவதுதானே? கிழவி ஏன் அதன் வாசலில் உட்கார வேண்டும்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாணவியின் கொள்ளுப்பாட்டனார் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் முதல் வீட்டுக்குரிய பெயரே அக்குடும்பத்துக்கு அயலாகிவிட்டது.

அம்மாணவிக்கு அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம்.

1. லயம்

எம் பாட்டனாரும் பாட்டியாரும் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1937இல் மலாயா வந்தனர். எம் தந்தையார்க்கு அப்போது வயது 12. உள்ளூர்க் கங்காணி ஒருவர் ஆள் சேர்த்து அழைத்து வந்த குழுவில் அவர்களும் இருந்தனர். அடுத்த ஆண்டே, 1938இல், உடல் உழைப்புத் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. ஆகவே அம்முறையில் வந்த கடைசிக் குடும்பங்களுள் எம் குடும்பமும் ஒன்று.

கங்காணி என்னும் சொல்லைச் சற்று நோக்குக. கண்காணி என்பதே கங்காணி ஆயிற்று. ககரத்தின் முன் ணகரம் ஙகரமாகத் திரிந்தது. ஆளைக் கண்காணிப்பவன் என்பது அதன் பொருள். ஆனால் எம் பாட்டியார் வாயில் அது ஒரு மனிதரின் பெயரைப் போலவே வழங்கிற்று. “கங்காணி வந்து கூப்பிட்டாக, வந்தோம்” என்பார். அழைத்தவரும் அவரே, வந்தபின் மேய்த்தவரும் அவரே. ஒரு சொல் இரண்டு வேலைகளையும் தாங்கியது.

அவர்கள் இறங்கிய இடம் சுவெட்டன்ஹாம் துறைமுகம். 1901இல் திறக்கப்பட்ட அத்துறைமுகமே 1970களில் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நோய்த்தடுப்பு முகாமில் சில நாள்கள் தங்கியபின் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த முதல் வீடுதான் லயம்.

ஆங்கிலேயர் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை ‘லைன்’ என்று வழங்கினர். பாளையத்தில் படைவீரர் தங்கும் வரிசைகளுக்கும் அதுவே பெயர். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து ஒற்றை அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். முன்னால் ஒடுங்கிய நடை. பத்தடிக்குப் பத்தடி, மிஞ்சினால் பன்னிரண்டடி. பல தோட்டங்களில் பின்சுவரைப் பொதுவாகக் கொண்டு இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அறைகளுக்கு இடையிலான பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் இந்த வீட்டில் தாய் விழிப்பாள்.

‘லைன்’ என்னும் அச்சொல் தமிழர் வாயில் லயன் ஆயிற்று. பின்னர் லயம் ஆயிற்று. இலங்கை மலையகத்திலும் இவ்விரு வடிவங்களும் உண்டு. லயம் என்னும் வடசொல் ஏற்கெனவே தமிழில் இருந்ததும் ஆலயம் போன்ற சொற்கள் காதுக்குப் பழகியிருந்ததும் இம்மாற்றத்துக்குத் துணைபுரிந்திருக்கலாம். ஆனால் மொழியியலார்க்கு அதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. மரம் என்பது மரத்தில் என்றும் குளம் என்பது குளத்தில் என்றும் ஆவதைப் போல, லயம் என்பது லயத்தில், லயத்து வீடு என்று அத்துச்சாரியை பெற்றது. கடன்வாங்கிய ஒரு சொல் தமிழின் சாரியையை ஏற்றுவிட்டால், அது விருந்தாளி நிலை நீங்கி வீட்டாள் ஆகிவிட்டது என்று கொள்ளலாம். மலாய்மொழியின் ‘கம்போங்’ கம்பம் ஆகி, கம்பத்து வீடு என வழங்குவதும் இவ்வாறே.

அவர்களுடைய முதல் வீட்டைச் சுற்றி இத்தகைய சொற்கள் பல. விடியுமுன் பெயர் கூப்பிடும் இடம் பிரட்டுக்களம். ஆங்கிலத்தில் படை அணிவகுப்பைக் குறிக்கும் சொல்லே பிரட்டு ஆயிற்று. தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் ஆயாக்கொட்டகை. இரப்பருக்குப் பெயர் கித்தா. அது மலாய்மொழி தந்தது. கணக்கெழுதுபவர் கிராணி. எம் பாட்டியார்க்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளின் சொற்களை ஒரே நாளின் வேலைக்குள் அவர் தடையின்றிப் புழங்கினார்.

லயத்தைப் பற்றி எம் பாட்டியார் சொன்ன ஒரு செய்தியை இங்கே பதிவு செய்தல் வேண்டும். சப்பானியர் ஆட்சிக்காலத்தில் எம் பாட்டனார் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து அவ்வாறு சென்ற தமிழர் பல்லாயிரவர். அவர்களுள் பலர் திரும்பவில்லை. எம் பாட்டனாரும் திரும்பவில்லை. கணவர் இல்லையென்று ஆனபின் பாட்டியார் செய்த முதல் வேலை அழுவது அன்று. மறுநாள் விடியலில் பிரட்டுக்குப் போய்த் தம் பெயரைக் கொடுத்ததே அவர் செய்த முதல் வேலை. “பேரு இல்லாட்டி வீடு இல்ல” என்று இதனை அவர் விளக்குவார். பெயர்ப்பட்டியலில் வேலையாள் ஒருவர் இருக்கும்வரைதான் அந்தப் பத்தடி அறை அக்குடும்பத்துக்கு உரியது. துயரத்துக்கும் முன்னால் வீட்டைக் காக்க வேண்டியிருந்தது.

2. செங்கல் ஊர்

போர் முடிந்தபின், 1947இல், எம் தந்தையார் இரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து கோலாலம்பூர் வந்தார். 1955இல் எம் தாயார் அவரை மணந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தார். கப்பலின் பெயர் ராஜுலா. 1926இல் கட்டப்பெற்ற அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தமிழ்நாட்டையும் மலாயாவையும் இணைத்தது. இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் அப்பெயரை அறியாத முதியோர் அரியர். எம் தாயார்க்கு அயல்நாட்டில் முதல் வீடு பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் அமைந்தது. யாம் பிறந்ததும் அங்கேதான்.

பிரிக்பீல்ட்ஸ் என்பதன் பொருளே செங்கற்சூளைக் களம் என்பதுதான். 1881இல் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கடைகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்ட வேண்டுமென்று பின்னர் ஆணை பிறந்தது. அதற்குச் செங்கல் அறுத்த இடங்களுள் இது ஒன்று. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழிக்கு இரயில் ஓடத் தொடங்கிய பின்னர், இரயில்வே வேலைக்காரர்களும் எழுத்தர்களும் இங்கே குடியமர்ந்தனர். 1905இல் எழுந்த ‘நூறு குவாட்டர்ஸ்’ என்னும் குடியிருப்பு வரிசை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வூரின் அடையாளமாக நின்றது. எங்கள் குடியிருப்பு அதனின்று நடந்துசெல்லும் தொலைவில் இருந்தது. சிங்களவர் 1894இல் நிறுவிய பௌத்த விகாரை, இலங்கைச் சைவர் எழுப்பிய கந்தசாமி கோயில், கிறித்தவத் தேவாலயங்கள், விவேகானந்தா ஆசிரமம் ஆகிய யாவும் ஒரு சிறுவன் காலால் அளந்துவிடக்கூடிய எல்லைக்குள் இருந்தன.

வீட்டின் அமைப்பைச் சொல்கின்றோம். முன்னறை ஒன்று, படுக்கையறை ஒன்று, பின்னால் சமையற்கட்டு, அதற்குப் பின்னால் சிறு வெளி, அதனையும் கடந்தால் சாக்கடையோரச் சந்து. முன்வாசலில் மூன்று சிமெண்டுப் படிகள்.

எம் தாயார் வந்திறங்கிய அன்று கேட்ட முதற்கேள்வி, “திண்ணை எங்கே?” என்பதாம். திண்ணை இல்லை. தந்தையார் வாசற்படிகளைக் காட்டி, “இதுதான்” என்றாராம். அன்றுமுதல் அம்மூன்று படிகளே திண்ணையாயின. “திண்ணையில் உட்கார்ந்து படி”, “திண்ணையைக் கழுவிவிடு” என்றே நாங்கள் கேட்டு வளர்ந்தோம். திண்ணை என்றால் சிமெண்டால் ஆன மூன்று படிகள் என்பதே எம் அகராதி.

பல ஆண்டுகளுக்குப் பின், முனைவர்ப் பட்ட ஆய்வுக்காகத் தமிழ்நாட்டுக்குச் சென்றபோது, தாயாரின் ஊரில் ஒரு பழைய வீட்டின் முன் நின்றோம். வாசலின் இருபுறமும் ஆள் படுக்கும் அகலத்தில் மேடை, வழவழப்பான தரை, சாய்வதற்குத் திண்டு, மேலே தூண்கள் தாங்கிய கூரை. வீட்டுக்காரர், “திண்ணையில உக்காருங்க தம்பி” என்றார். யாம் பழக்கத்தால் படியில் உட்கார்ந்தோம். அவர் திகைத்தார்.

சொற்பொருள் மாற்றம் என்று பாடநூலில் ஓர் இயலைப் பலமுறை படித்திருந்தோம். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. மக்கள் புலம்பெயரும்போது சொல் முதலில் கப்பலேறிவிடுகின்றது. பொருள் கரையிலேயே நின்றுவிடுகின்றது. வந்த இடத்தில் அச்சொல் தனக்கென ஒரு பொருளைத் தேடிக்கொள்கின்றது. கொல்லை என்பதும் அவ்வாறே. மரமும் கிணறும் மாட்டுத்தொழுவமும் கொண்ட பின்புற நிலம் ஊரில் கொல்லை. பிரிக்பீல்ட்சில் அது சாக்கடையோரச் சந்து. அச்சந்தில் இரண்டு தகர வாளிகளில் கறிவேப்பிலையும் முருங்கைக் கொம்பும் நட்டு, தம் சொல்லுக்கு எம் தாயார் ஓரளவு நேர்மை செய்தார்.

இதற்கு மறுதலையாக, புதிய பொருளுக்குப் பழைய தமிழால் பெயர் சூட்டியதும் உண்டு. கடைவீதிகளில் கட்டடத்தின் முன்னே மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கும் ஐந்தடி அகல நடைபாதையைத் தமிழர் அஞ்சடி என்றனர். மலாய்க்காரர் ‘காக்கி லீமா’ என்றனர். காக்கி என்றால் கால், அடி. லீமா என்றால் ஐந்து. அச்சொல்லை எந்தக் கலைச்சொற்குழுவும் ஆக்கவில்லை. நடந்தவர்களே ஆக்கினர்.

3. சுவருக்கு அப்பால்

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மறுபக்கத்தில் மலாய்க் குடும்பம். வரிசை வீட்டில் சுவர் ஒன்றுதான் எல்லை. சுவர் ஓசையைத் தடுப்பதில்லை. எம் மொழியியற் கல்வி அச்சுவர்களின் அருகிலேயே தொடங்கிற்று.

யாழ்ப்பாணத்து அம்மையார் பேசுவதைக் ‘கதைக்கிறது’ என்பார். சமையற்கட்டைக் குசினி என்பார். நீள இருக்கையை வாங்கு என்பார். எம் தாயார்க்கு முதலில் இவை வேற்றுமொழி போலத் தோன்றின. “பிள்ளை, வாங்கிலே இரும்” என்றபோது, எதை வாங்கச் சொல்கிறார் என்று தாயார் விழித்தாராம். குசினியும் வாங்கும் போர்த்துக்கேசியம் யாழ்ப்பாணத்தில் விட்டுச்சென்றவை. அதே போர்த்துக்கேசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். ஆகவே மலாய்மொழியிலும் நீள இருக்கை ‘பங்கு’, மேசை ‘மேஜா’, சன்னல் ‘ஜெண்டேலா’, அலமாரி ‘அல்மாரி’. மூன்று வீட்டாரும் ஒரே மேசையை மூன்று ஒலியில் அழைத்தனர்.

மலாய் வீட்டிலோ வேறொரு வியப்புக் காத்திருந்தது. அவர்கள் படுக்கும் கட்டில் ‘காத்தில்’; துணி வைக்கும் பெட்டி ‘பெத்தி’; வாசலில் தொங்கும் திரை ‘திராய்’; தெருமுனைக் கடை ‘கெடாய்’. இவை தமிழ் வணிகர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவந்து சேர்த்த சொற்கள். குளிர்பதனப் பெட்டி இந்நாட்டுக்கு வந்தபோது மலாய்மொழி அதற்குப் ‘பெத்தி செஜூக்’, அஃதாவது குளிர்ப்பெட்டி, என்று பெயரிட்டது. அந்தப் ‘பெத்தி’ நம் பெட்டியே. 1955இல் எம் தாயார் கப்பலிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு இறங்கினார். பெட்டி என்னும் சொல் அவருக்குப் பன்னெடுங்காலம் முன்பே வந்து, இங்கே குடியுரிமை பெற்றுவிட்டிருந்தது.

மாணவர்கள் உளங்கொள்ள வேண்டிய இலக்கணச் செய்தியொன்றும் அச்சுவருக்கு அப்பாலிருந்தே கிடைத்தது. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது நாம். கேட்பவரை விலக்கிச் சொல்வது நாங்கள். யாம் இப்பொழிவில் எம்மைக் குறிக்க வழங்கும் ‘யாம்’ என்பதும் பழைய விலக்குப் பன்மையே. மலாய்மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. சேர்ப்பது ‘கீத்தா’, விலக்குவது ‘காமி’. ஆங்கிலத்துக்கு இவ்வேறுபாடு இல்லை. பள்ளியில் ஆங்கிலவழி மலாய் கற்ற சிலர் இவ்விரண்டையும் மாற்றி வழங்கி இடர்ப்படுவதை யாம் கண்டுள்ளோம். பள்ளிக்கே போகாத எம் தாயார் ஒருநாளும் மாற்றி வழங்கியதில்லை. ‘எங்கள் வீடு’ என்று சொல்லத் தெரிந்தவர்க்கு ‘ரூமா காமி’ தானே வரும்.

ஒரு முறை மழைவெள்ளம் சந்தில் ஏறி மூன்று வீட்டுச் சமையற்கட்டுக்குள்ளும் புகுந்தது. அன்றிரவு மூன்று குடும்பமும் மலாய் வீட்டு முன்னறையில் கூடிச் சமைத்து உண்டன. அந்த அம்மையார் எம் தாயாரிடம், “இது ரூமா கீத்தா” என்றார். கேட்பவரையும் சேர்த்து, நம் வீடு என்று பொருள். அச்சொல்லின் முழு எடையையும் உணர எம் தாயார்க்கு இலக்கண நூல் எதுவும் தேவைப்படவில்லை. இதனைக் கடைசிவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

4. குடியும் ஊரும்

குடி என்பது தொன்மையான தமிழ்ச்சொல். வீடு, குடும்பம், குலம், நாட்டு மக்கள் ஆகிய எல்லாம் அதன் பொருள்கள். குடில், குடிசை, குடியிருப்பு, குடியேற்றம், குடியுரிமை ஆகியவை அதனோடு சேர்ந்த சொற்கள். ஆனால் வாழ்க்கை இவற்றை எப்போதும் ஒருசேரத் தருவதில்லை. எம் பாட்டியார் இந்நாட்டில் குடியேறினார். 42 ஆண்டு குடியிருந்தார். குடியுரிமை பெறாமலே 1979இல் மறைந்தார். நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையே அவர் பெட்டியில் இருந்தது. விடுதலைக்குப் பின் நீல அட்டைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தபோது, “நாமதான் ஊருக்குப் போயிருவோமே” என்று இருந்துவிட்டார். 1969க்குப் பின் குடியுரிமை அற்றோர்க்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். பாட்டியார் அப்போது வேலையில் இல்லாமையால் போக நேரவில்லை. போயிருந்தால் எந்த வீட்டுக்குப் போயிருப்பார் என்பது எங்களுள் ஒருவர்க்கும் தெரியாது.

இங்கே ‘ஊர்’ என்னும் சொல்லைக் கருத வேண்டும். அடைமொழியின்றி ஒருவர் ஊர் என்று எதனைச் சொல்கிறாரோ அதுவே அவர் ஊர். எங்கள் வீட்டில் நெடுங்காலம் ஊர் என்றால் தமிழ்நாடு. ‘ஊருக்கு எழுதணும்’, ‘ஊருக்குப் பணம் அனுப்பணும்’ என்பன அன்றாடத் தொடர்கள்.

1974இல் தம் தம்பியின் திருமணத்துக்காகத் தாயார் தமிழ்நாட்டுக்குச் சென்றார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் தாய்வீடு சென்றது அதுவே முதன்முறை. மூன்று மாதம் தங்கினார். ஒருநாள் அவரிடமிருந்து அஞ்சல் வந்தது. தந்தையார் உரக்கப் படித்தார். எல்லாரும் நலம், திருமணம் நன்றாக நடந்தது என்ற செய்திகளுக்குப் பின், “பங்குனி பிறந்ததும் ஊருக்குக் கப்பல் ஏறுகிறேன்” என்று இருந்தது. தந்தையார் நிறுத்திவிட்டு, “ஊரிலேதானே இருக்கிறாள்; எந்த ஊருக்குக் கப்பலேறுகிறாள்?” என்றார். பாட்டியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அவளுக்கு ஊரு மாறிப்போச்சுடா” என்றார். பிறகு எவரும் பேசவில்லை. பாட்டியார்க்கு ஊர் கடைசிவரை மாறவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே சொல்லுக்கு இரண்டு நாடுகள் பொருளாக இருந்தன.

5. விடு, வீடு

வீடு என்னும் சொல் விடு என்னும் வினையடியிலிருந்து முதல்நிலை நீண்டு தோன்றியது. படு என்பது பாடு ஆவது போல. அறம் பொருள் இன்பம் வீடு என்னுமிடத்து அது விடுதலையைக் குறிக்கும். பற்றுகளை விட்டால் அடைவது வீடு. குடியிருக்கும் மனையைக் குறிக்கையில், அலைந்து திரிதலை விட்டுத் தங்குமிடம் என்று விளக்குவர்.

எம் குடும்பத்துக்கு அச்சொல்லின் மூன்றாவது பொருளொன்று 1980இல் தெரியவந்தது. எம் தந்தையார் அவ்வாண்டு 55 வயது நிறைந்து ஓய்வுபெற்றார். வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும் என்பது விதி. காலி செய்யுமாறு அறிவிப்பும் முறையாகவே வந்தது. லயத்தில் பாட்டியார் சொன்ன “பேரு இல்லாட்டி வீடு இல்ல” என்பது, செங்கற்சுவரும் மின்விளக்கும் கொண்ட வீட்டிலும் மாறவில்லை. வீடு என்பது விடவேண்டியது. இதில் எவரையும் பழிப்பது எம் நோக்கம் அன்று. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலும் கூடாது. இந்நாட்டுத் தமிழர் பலரின் முதல் வீடு அவர்களுடையதாக இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோதும், மூன்று தலைமுறை வாழ்ந்த லயங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேறியது இதனாற்றான். வேலை தோட்டத்தோடு போயிற்று. வீடு வேலையோடு போயிற்று. கோயிலும் பள்ளியும் சுடுகாடும் பின்னாலேயே போயின.

சேமிப்பும் கடனுமாகச் சேர்த்து எம் தந்தையார் கிள்ளானில் ஒரு சிறு வரிசைவீடு வாங்கினார். 1937இல் வந்திறங்கிய அதே வட்டாரத்துக்கு 43 ஆண்டுகளுக்குப் பின் சொந்தப் பெயரில் திரும்பினார். எம் தாயார் கொத்தனாரிடம் ஒன்றேயொன்று கேட்டார். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டடி உயரத்தில் ஒரு மேடை. இருபத்தைந்து ஆண்டு படிகளைத் திண்ணை என்று அழைத்தவர்க்கு மெய்யான திண்ணை அப்போதுதான் வாய்த்தது. இன்று எம் பேரப்பிள்ளைகள் அதனைப் ‘பங்கு’ என்கின்றனர்.

நாங்கள் விட்டுவந்த பிரிக்பீல்ட்சும் மாறிற்று. இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் தளமாகப் பரந்து கிடந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010இல் இந்தியாவின் பிரதமரும் மலேசியப் பிரதமரும் சேர்ந்து அவ்வூரை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தனர். தோரணவாயிலும் வண்ணத்தூண்களும் வந்தன. அதன்பின் சில ஆண்டுகளில் நூறு குவாட்டர்ஸ் இடிக்கப்பட்டது. இந்திய அடையாளம் அலங்காரமாக வந்தது. அங்கே வாழ்ந்தவர்களின் சுவர்கள் போயின. கிள்ளானிலும் தெங்கு கிளானா சாலை பூமாலையும் புடைவையுமாகச் செழித்து நிற்கின்றது. வாங்கும் விற்பும் நடக்கட்டும், மகிழ்ச்சியே. ஆனால் பிரட்டுக்களம் எங்கே இருந்தது என்று அச்சாலையில் நிற்கும் இளைஞரைக் கேட்டுப் பாருங்கள்.

6. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இறுதிப் பகுதிக்கு வருகின்றோம். யாம் இளம் ஆசிரியராக இருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் ‘என் வீடு’ என்று கட்டுரை எழுதினான். பிரட்டு, லயம், கித்தா, அஞ்சடி ஆகிய சொற்கள் அதில் இருந்தன. யாம் சிவப்பு மையால் ஒவ்வொன்றையும் அடித்து, அணிவகுப்பு, தொடர்வீடு, இரப்பர், நடைபாதை என்று திருத்தினோம். தமிழ்ச்சொல்லான அஞ்சடியைக்கூட விட்டுவைக்கவில்லை. கட்டுரை தூய்மையாயிற்று. அதில் அவன் வீடு இல்லாமற்போயிற்று. அடுத்த கட்டுரையை அவன் நூலிலிருந்து பார்த்து எழுதிவந்தான்.

பொதுத்தமிழ் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அதனைக் கற்பித்தவர் யாம். தேர்வுக்கும் அறிவியலுக்கும் உலகத் தமிழரோடு உரையாடுவதற்கும் அது இன்றியமையாதது. ஆனால் பொதுத்தமிழ் என்பது எல்லாரும் கூடும் மன்றம். ஒவ்வொருவரும் மன்றத்துக்குத் தத்தம் வீட்டிலிருந்துதான் வருகின்றனர். வீட்டுச்சொல்லை அழித்துத்தான் மன்றத்துக்குள் நுழைய வேண்டும் என்று ஓர் ஆசிரியர் சொன்னால், மாணவன் இரண்டையும் இழப்பான்.

ஆகவே ஒரு சிறு பணியை உங்களிடம் வேண்டுகின்றோம். மாணவர்களே, உங்கள் வீட்டில் உள்ள மிக மூத்தவரிடம் சென்று, அவருடைய முதல் வீட்டைத் தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். எப்படி இருந்தது, என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அக்கேள்விகளுக்கு “நல்லாத்தான் இருந்துச்சு” என்னும் விடையே வரும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? அரிசிப்பானை எங்கே இருந்தது? யார் எங்கே படுத்தார்கள்? சுவருக்கு அப்பால் யார்? மழை பெய்தால் எங்கே ஒழுகும்? இவ்வாறு கேளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் அவர் சொல்லும் பெயரை, அவர் ஒலித்தபடியே எழுதுங்கள். ‘வூடு’ என்றால் வூடு என்றே எழுதுங்கள். திருத்தாதீர்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்ய உங்கள் கைப்பேசியே போதும். பதிவு செய்யுமுன் அவரிடம் இசைவு கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாளையும் இடத்தையும் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, அத்தாள்களை மதிப்பெண் இட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். பள்ளி நூலகத்தில் ஓர் அடுக்கில் சேர்த்து வையுங்கள். ஒரு வகுப்புக்கு முப்பது மாணவர் என்றால் முப்பது வீடுகள். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு பள்ளியில் பத்தாண்டில் சேரும் தாள்கள், எந்தப் பல்கலைக்கழகமும் இனிமேல் திரட்ட முடியாத ஓர் அகராதியாகும். இடிந்த சுவரை நாம் மீண்டும் எழுப்ப இயலாது. அச்சுவருக்குள் வழங்கிய சொற்களை, அவற்றை அறிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே, எழுதிவைக்க இயலும். அவர்களுள் பலர்க்கு எண்பது வயதுக்கு மேலாகிவிட்டது.

தொடக்கத்தில் சொன்ன மாணவி இப்பணியைச் செய்தார். விடுமுறையில் தம் பாட்டியாரிடம் சென்று லயத்தை வரைந்து வாங்கிவந்தார். நடுங்கும் கையால் போட்ட கோடுகள். பத்து அறைகள் கொண்ட ஒரு வரிசை. ஏழாவது அறையின் வாசலில் ஒரு சிறு வட்டம் இருந்தது. அது என்னவென்று கேட்டோம். “அம்மி கிடந்த இடமாம், ஐயா. மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அது மறக்கவில்லையாம்” என்றார். அவர் இப்போது ஆசிரியர். அத்தாள் எம் மேசைமேல் உள்ளது.